நட்சத்திரம் வரைய எந்த மென்பொருள்? ஒரு திருப்பூர் ஒப்பீடு

ஸ்டார் போடத் தெரியாத டிசைன் மென்பொருள் எதுவும் கிடையாது. டூலை எடுத்து இழுத்தால் ஐந்து முனையோடு ஒன்று வந்து நிற்கும். அதனால்தான் "எதுல போட்டா என்னங்க, ஸ்டாரு ஸ்டாருதானுங்களே?" என்று பனியன் கம்பெனிக்காரர்கள் சாதாரணமாகக் கேட்கிறார்கள். வரைகிற நேரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாதுதான். சாம்பிள் போய் வந்த பிறகு, "எட்டு முனை வேண்டாம், பன்னிரண்டாக்குங்க, நுனியைக் கொஞ்சம் மழுக்கிக் கொடுங்க" என்று மெர்ச்சண்டைசரிடமிருந்து (ஆர்டரைக் கவனித்துக்கொள்பவர்) மெயில் வரும்போது தெரியும். சில மென்பொருளில் ஓர் எண்ணை மாற்றினால் வேலை முடிந்தது. சிலவற்றில் அழித்துவிட்டு முதலிலிருந்து வரைய வேண்டும்.

இந்த ஒப்பீட்டை அந்த மெயிலை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். வரைந்த பிறகும் அது நட்சத்திரமாகவே இருக்கிறதா, இல்லை வெறும் கோடாகிவிடுகிறதா என்பது என் முதல் கேள்வி. ஃபைல் எங்கே போய்ச் சேரப் போகிறது என்பது இரண்டாவது.

இரண்டாவது கேள்விக்கு நம் பக்கத்தில் ஒரே பதில் கிடையாது. டி-ஷர்ட்டின் நெஞ்சில் வரும் ஸ்டார் பாசிட்டிவ் ஃபிலிமாகி (கறுப்பில் அச்சான ஒளிபுகும் தாள்) துணியில் அச்சடிக்கும் ஸ்கிரீனுக்குப் போகிறது. காதர்பேட்டைக் கடைகளின் ஆடித் தள்ளுபடி போஸ்டரில் விலையைச் சுற்றி முள்முள்ளாக நிற்கும் வட்டம் ஃப்ளெக்ஸ் மெஷினுக்குப் போகிறது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்கும் நாமக்கல் லாரிக்கும் ஒட்டுகிற ரேடியம் நட்சத்திரத்தைப் பிளாட்டர் என்ற ஸ்டிக்கர் வெட்டும் மெஷினின் கத்தி வெட்டுகிறது. கோவைப் பம்ப்செட் கம்பெனியின் அறுகோண லோகோ லெட்டர்பேடிலும் வார்ப்பு அச்சிலும் செல்போன் திரையிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரே உருவம்தான், ஆனால் ஒவ்வோர் இடமும் அதை ஒவ்வொரு விதமாகச் சோதிக்கும்.

கோரல்டிரா

நம் ஊர் டிடிபி கடையிலும் ஸ்டிக்கர் கடையிலும் பிரிண்டிங் பட்டறையிலும் கோரல்தான் ராஜா. 1989-இல் வெளிவந்த மென்பொருள். இதில் கை பழகிய தலைமுறை ஒன்றே இங்கே இருக்கிறது. ஒய் விசையைத் தட்டினால் பாலிகன் டூல் வரும். பக்க எண்ணிக்கையை மேலே உள்ள பெட்டியில் 3-லிருந்து 500 வரை கொடுக்கலாம். கண்ட்ரோல் பிடித்து இழுத்தால் ஒழுங்கான பலகோணம், கூடவே ஷிப்ட் பிடித்தால் நடுவிலிருந்து விரியும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

பலர் கவனிக்காமல் விடும் சங்கதி ஒன்று உண்டு. கோரலின் பலகோணத்தில் மூலைகளில் மட்டுமல்லாமல் ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஒரு நோட் (பிடித்து நகர்த்தும் புள்ளி) இருக்கும். எஃப்10 தட்டி ஷேப் டூலை எடுத்து, நடு நோட் ஒன்றைப் பிடித்து உள்பக்கம் இழுத்துப் பாருங்கள். அந்த ஒன்று மட்டும் நகராது, அத்தனை பக்கங்களின் நடு நோட்டும் சேர்ந்து உள்ளே போகும். அறுகோணம் கண்ணெதிரே ஆறு முனை நட்சத்திரமாகும். கண்ட்ரோல் பிடித்துக்கொண்டால் நேராக மையத்தை நோக்கிப் போகும், விட்டுவிட்டால் ஒரு பக்கம் சாய்ந்து காற்றாடி மாதிரித் திரும்பும். ஒரு பக்கத்தை மட்டும் கர்வ் ஆக்கி வளைத்தால் எல்லாப் பக்கமும் வளைந்து பூவாகிவிடும். சேலை பார்டருக்கும் பெட்ஷீட்டுக்கும் மோட்டிஃப் போடுகிற சென்னிமலை, கரூர் ஆட்களுக்கு இந்த ஒன்றுக்காகவே கோரலைச் சொல்வேன். கை போகிற போக்கில் உருவம் பிறக்க வேண்டும், ஆனால் சமச்சீர் கெடக்கூடாது என்கிற வேலைக்கு இதுபோல் ஒத்துழைக்கிற டூல் வேறு எதிலும் எனக்கு அமையவில்லை.

ஸ்டார் டூல் தனியாக உண்டு. முனை எண்ணிக்கை ஒரு பெட்டி, ஷார்ப்னெஸ் ஒரு பெட்டி. ஐந்து முனைக்கு ஷார்ப்னெஸ் இயல்பாக 53 என்று வந்து நிற்பது ஏனோதானோ எண் இல்லை. அந்த இடத்தில்தான் எதிரெதிர்த் தோள்கள் (முனைகளின் பக்கக்கோடுகள்) ஒரே நேர்கோட்டில் விழும். நோட்டுப் புத்தகத்தில் கை எடுக்காமல் போடும் நட்சத்திரத்தின் வெளிவடிவம் அதுதான். ஆனால் ஷார்ப்னெஸ்ஸுக்கு முழு எண்தான், அதனால் கணக்கு மிகத் துல்லியமாக வேண்டுமென்றால் கொஞ்சம் இடிக்கும். அச்சில் யாருக்கும் தெரியாது.

காம்ப்ளக்ஸ் ஸ்டார் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும் நட்சத்திரம் அது, உள்ளே பின்னல் தெரியும், நிறம் போட்டால் நடுவில் ஓட்டை விழும். ஏழு முனைக்குக் கீழே அதில் ஷார்ப்னெஸ் மாறாது. கணக்குப்படி ஐந்து முனையை ஒன்று விட்டு ஒன்று இணைக்க ஒரே வழிதான் இருக்கிறது. ஏழிலிருந்துதான் ஒன்று விட்டு இணைப்பதா, இரண்டு விட்டு இணைப்பதா என்ற தேர்வே பிறக்கிறது. திரையில் அழகாக இருக்கும். ஸ்டிக்கர் வேலைக்கு இதை அப்படியே அனுப்பினால் தொலைந்தோம். பிளாட்டருக்கு நிறம் தெரியாது, கோடுதான் தெரியும். உள்ளே ஓடுகிற ஒவ்வொரு கோட்டின் மீதும் கத்தி ஓடி, ஒரு நட்சத்திரமாக உரிய வேண்டிய ரேடியம் துண்டு துண்டாக வரும். பவுண்டரி எடுத்து, வெளிக்கோட்டை மட்டும் அனுப்ப வேண்டும். அதேபோல, தடிமனான அவுட்லைன் கொடுத்து ஸ்டாரைப் பெரிதாகக் காட்டியிருந்தால் கத்திக்கு அந்தத் தடிமன் கணக்கில்லை. கண்ட்ரோல்-ஷிப்ட்-கியூ தட்டி அவுட்லைனை உருவமாக்கினால்தான் அதை மதிக்கும்.

கோரலில் என் பெரிய மனக்குறை, மென்பொருளைவிட அதைச் சுற்றி வளர்ந்த பழக்கத்தின் மேல்தான். பிரஸ்ஸுக்கு அனுப்பும் முன் ஃபாண்ட் ஓடிவிடக்கூடாது என்று எல்லாவற்றையும் செலக்ட் செய்து கண்ட்ரோல்-கியூ தட்டுவது இங்கே அனிச்சைச் செயல். எழுத்தோடு சேர்ந்து நட்சத்திரமும் கர்வ் (வெறும் கோடு) ஆகிவிடும். அதன் மீது சேவும் அடித்துவிட்டால் முனை எண்ணிக்கைப் பெட்டி இனி வராது. அடுத்த சீசனுக்கு அதே டிசைனைத் திருத்தித் தரச் சொல்லும்போது கையில் இருப்பது வெறும் கோடுதான். இன்னொரு தொல்லை பதிப்பு. புது கோரலில் சேவ் செய்த ஃபைல் பழைய கோரலில் திறக்காது. பட்டறையில் இருப்பது எது என்று கேட்டு, அந்தப் பதிப்புக்கு இறக்கி சேவ் செய்து அனுப்ப வேண்டும்.

இங்க்ஸ்கேப்

இலவசம் என்பதால் இதைச் சும்மா நினைக்கிறவர்கள் அதிகம். 2003-இல் சோடிபோடி என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது, கட்டற்ற மென்பொருள், லைசென்ஸ் தலைவலி இல்லை. நட்சத்திரம், பலகோணம் என்ற இந்த ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்களைவிட இது ஒரு படி மேல் என்பதே என் கருத்து.

காரணம் எளிது. இதில் ஸ்டாரும் பலகோணமும் ஒரே டூல். மேலே ஒரு பொத்தானில் மாற்றிக்கொள்ளலாம். நான்கு பெட்டிகள்: முனை எண்ணிக்கை, ஸ்போக் ரேஷியோ, ரவுண்டட், ரேண்டமைஸ்டு. ஸ்போக் ரேஷியோ என்பது உள் ஆரத்தை வெளி ஆரத்தால் வகுத்த எண். தசமப் புள்ளி போட்டுக் கொடுக்கலாம் என்பதால் இங்கேதான் கணக்கு சுத்தமாக நடக்கும். ஐந்து முனைக்கு 0.382. இரண்டு முக்கோணங்களைக் குறுக்கே வைத்த மாதிரியான ஆறு முனைக்கு 0.577. இரண்டு சதுரங்களைத் திருப்பி வைத்த எட்டு முனைக்கு 0.765, அதையே இன்னும் கூராக, இரண்டு விட்டு இணைத்த எட்டு முனையாக வேண்டுமென்றால் 0.541. இந்த நான்கு எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொண்டால் போதும், "ஏதோ இடிக்குதுங்களே, என்னன்னு தெரியலீங்க" என்கிற வாடிக்கையாளர் பாதிப் பேர் குறைவார்கள். கண்ணுக்கு ஒழுங்காகப் படும் நட்சத்திரத்தில் தோள்கோடுகள் எதிர்த் தோளோடு நேராகச் சேரும். கொஞ்சம் விலகினாலும் ஏனென்று சொல்லத் தெரியாமல் மனது இடறும்.

வரைந்த ஸ்டாரில் இரண்டு கைப்பிடிகள் தெரியும், ஒன்று நுனியில், ஒன்று உள்மூலையில். உள்மூலைக் கைப்பிடியைச் சும்மா இழுத்தால் முனைகள் ஒரு பக்கம் சாயும். ஐந்தாறு முனையோடு அப்படிச் சாய்த்து ரவுண்டட் கொஞ்சம் ஏற்றினால் பம்ப் இம்பெல்லர் மாதிரியே ஓர் உருவம் வரும். பம்ப், மோட்டார் கம்பெனி லோகோ கேட்டு வருகிறவர்களுக்கு முதல் வரைவாக இது கைகொடுக்கும். சாயக்கூடாது என்றால் கண்ட்ரோல் பிடித்து இழுக்க வேண்டும். ஷிப்ட் பிடித்தால் வளைவு, ஆல்ட் பிடித்தால் முனைகள் தாறுமாறாகும். தாறுமாறு எதற்கு என்று கேட்கலாம். தீபாவளி ஆஃபர் போஸ்டரில் இருபது இருபத்தைந்து முனை போட்டு லேசாகக் கலைத்துவிட்டால் கையால் கத்தரித்த காகிதம் மாதிரி உயிர் வந்துவிடும்.

எல்லாவற்றையும்விட, எஸ்விஜியாக (இங்க்ஸ்கேப்பின் ஃபைல் வகை) சேவ் செய்து மூடி, ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் அது ஸ்டாராகவே இருக்கும். முனை எண்ணிக்கை, இரண்டு ஆரம், கோணம், வளைவு எல்லாம் ஃபைலுக்குள்ளேயே எழுத்தாகப் பதிந்திருக்கும். பாத் (வெறும் கோடு) ஆக்கச் சொல்லி நாமாக ஷிப்ட்-கண்ட்ரோல்-சி தட்டினால்தான் போகும். மெர்ச்சண்டைசர் மெயில் சோதனையில் முழு மதிப்பெண் இதற்குத்தான்.

ரவுண்டட் பெட்டியில் மட்டும் ஏமாறாதீர்கள். அது மூலையை வட்டமாக மழுக்கும் வேலையைச் செய்யாது. பக்கங்களையே வளைத்து நட்சத்திரத்தைப் பூவாக்கும், அதிகமானால் கோடு முடிச்சுப் போட்டுக்கொள்ளும். "நுனியில் 2 மில்லி ரேடியஸ்" என்று டெக் பேக்கில் (ஆர்டரின் அளவு விவரத் தாளில்) போட்டிருந்தால் பாத் எஃபெக்டுகளில் உள்ள கார்னர்ஸ்தான் வழி. அது ஒரு படி சுற்று.

பற்சக்கரம் தேவைப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எக்ஸ்டென்ஷன்ஸ் மெனுவில், ரெண்டர் என்பதற்குள் கியர் இருக்கிறது. பல் எண்ணிக்கை, பிட்ச், பிரஷர் ஆங்கிள் கேட்டு, நிஜப் பற்சக்கரத்தின் பல்லுக்குரிய இன்வல்யூட் வளைவோடு பல் போட்டுத் தரும். ஸ்டார் டூலில் முனையை வெட்டிப் பற்சக்கரம் என்று ஒப்பேற்றுவது சாதாரணக் கடைக்குப் போதும். லேத்தும் மில்லிங்கும் ஓடுகிற கோவையில் அந்த லோகோவைப் பார்த்தால் முதல் பார்வையிலேயே சிரிப்பார்கள்.

இங்க்ஸ்கேப்பின் குறை நிறம். நான்கு நிற அச்சுக்கான சிஎம்ஒய்கே கையாளுவதில் இது பின்தங்கியது, பிடிஎஃப் எடுத்தால் திரைக்கான ஆர்ஜிபிதான் வரும். ஸ்கிரீன் பிரிண்டிங்குக்கு இது ஒரு குறையே இல்லை. பாசிட்டிவ் ஃபிலிம் எந்த நிறத்துக்கானாலும் கறுப்புதான், நிறத்தை முடிவு செய்வது டேபிளில் கலக்கும் பேஸ்ட். ஆஃப்செட்டில் பெட்டி, லேபிள் அடிக்கிறவர்களுக்குத்தான் இது வலிக்கும். கோரல் ஃபைலைத் திறக்கும் என்றாலும் எல்லாம் அப்படியே வராது. பட்டறையோடு ஃபைலை இங்கும் அங்கும் அனுப்பித் திருத்தும் வேலைக்கு அது சரிப்படாது.

இல்லஸ்ட்ரேட்டர்

வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆர்ட் வொர்க் பெரும்பாலும் இதில்தான் வரும். அந்த ஒரே காரணத்துக்காக எக்ஸ்போர்ட் கம்பெனி டிசைன் டிபார்ட்மெண்டில் இது இருந்தே தீர வேண்டும். ஸ்டார் டூலோடு இதற்கு இருப்பது விசித்திரமான உறவு. வரைகிற அந்த ஒரு நொடியில் எல்லாவற்றையும் செய்யலாம்: இழுத்துக்கொண்டே மேல், கீழ் அம்புக்குறியைத் தட்டினால் முனை கூடும், குறையும். கண்ட்ரோல் பிடித்தால் உள் ஆரம் நின்றுவிடும், வெளி ஆரம் மட்டும் நீளும். ஆல்ட் பிடித்தால் தோள்கள் தானாக நேர்கோட்டுக்கு வரும், எண் எதுவும் மனப்பாடம் வேண்டாம். ஸ்பேஸ் தட்டினால் இடம் மாற்றலாம். எஸ்கேப்புக்குக் கீழே உள்ள விசையைப் பிடித்து இழுத்தால் நட்சத்திரம் நூற்றுக்கணக்கில் விரிந்து கோலம் மாதிரி வரும். மௌஸை விட்டதும் எல்லாம் முடிந்தது. நான் புழங்குகிற பதிப்பில் அது அதன்பிறகு வெறும் பாத். மூலைகளை உருட்டலாமே தவிர முனை எண்ணிக்கையை மாற்ற வழியில்லை. பலகோணம் மட்டும் லைவ் ஷேப், வரைந்த பிறகும் பக்கத்தைக் கூட்டலாம், குறைக்கலாம்.

அளவு போட்டு வரைய வேண்டுமென்றால் டூலை எடுத்து ஆர்ட்போர்டில் ஒரு கிளிக். பெட்டி வரும், ரேடியஸ் 1-இல் 50 மி.மீ., ரேடியஸ் 2-இல் 19.1 மி.மீ. கொடுத்தால் ஒழுங்கான ஐந்து முனை.

இங்கே அறுகோணம் போடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பாலிகன் பெட்டி கேட்கும் ரேடியஸ் மையத்திலிருந்து மூலைக்கு உள்ள தூரம். நட்டு, போல்ட்டை அளக்கிறவர்கள் பட்டையிலிருந்து பட்டைக்கு அளப்பார்கள். 17 நம்பர் ஸ்பேனர் பிடிக்கிற அறுகோணம் வேண்டுமென்றால் ரேடியஸ் 8.5 கிடையாது. 17-ஐ 1.732-ஆல் வகுத்து 9.815 கொடுக்க வேண்டும். 8.5 கொடுத்தால் பட்டைக்குப் பட்டை 14.7 மி.மீ.தான் வரும். லோகோவில் தெரியாது. லேசர் கட்டிங்குக்கு டிஎக்ஸ்எஃப் (வெட்டும் மெஷினுக்கான ஃபைல் வகை) அனுப்பினால் தெரியும்.

மையம் எங்கே? ஃபிக்மாவுக்கு ஒரு பாராட்டு

ஐந்து முனை நட்சத்திரத்தை வட்டத்துக்குள் வைத்து, இரண்டையும் செலக்ட் செய்து அலைன் சென்டர் கொடுங்கள். நட்சத்திரம் கீழே இறங்கி உட்காரும், கீழ் முனைகள் இரண்டும் வட்டத்தை முட்டும். மென்பொருளில் கோளாறு எதுவும் இல்லை. நட்சத்திரத்தின் மேல்முனை மையத்திலிருந்து முழு ஆரம் உயரத்தில் இருக்கிறது. கீழ்முனைகளோ ஆரத்தில் 0.809 பங்கு ஆழத்தில்தான் இருக்கின்றன. அலைன் பார்ப்பது சுற்றியுள்ள கட்டத்தின் நடுவை. அது உண்மையான மையத்துக்கு மேலே விழுகிறது. 50 மி.மீ. ஆர ஸ்டாருக்கு வித்தியாசம் சுமார் 4.8 மி.மீ. பேட்ஜ், முத்திரை, பாட்டில் மூடி டிசைன் போடுகிறவர்கள் இதைக் கண்ணால் நகர்த்தித்தான் சரி செய்துகொண்டிருக்கிறார்கள்.

ஃபிக்மாவில் மட்டும் இந்தச் சிக்கல் வராது. 100-க்கு 100 கட்டத்தில் ஸ்டார் போட்டால் கீழே பத்து அளவுக்குக் காலி இடம் விட்டே வரையும். முக்கோணம் போட்டால் உயரம் 75-இலேயே நின்றுவிடும். முதலில் பார்க்கிறவர்கள் எரிச்சலடைவார்கள். கட்டம் என்பது நட்சத்திரத்தைச் சுற்றிய முழு வட்டத்துக்கான கட்டம், அதனால் அலைன் சென்டர் கொடுத்தால் உண்மையான மையத்திலேயே நிற்கும், சுழற்றினாலும் தள்ளாடாது. முனை எண்ணிக்கை, ரேஷியோ, மூலை வளைவு மூன்றுக்கும் உருவத்தின் மேலேயே பிடிகள். இயல்பு ரேஷியோ 38.2 சதவீதம், அதாவது மேலே சொன்ன அதே 0.382. முனையை ஆறாக்கினால் ரேஷியோவை 57.7-க்கு நாம்தான் மாற்ற வேண்டும்.

இவ்வளவு நல்ல டூலைப் பிரிண்டிங் ஆட்களுக்குச் சொல்ல முடியவில்லை என்பதுதான் வருத்தம். ஃபிக்மாவுக்கு மில்லிமீட்டர் தெரியாது, சிஎம்ஒய்கே தெரியாது, இணையத்தை நம்பி ஓடுகிறது. ஆப், வெப்சைட் வேலை செய்யும் கோவை ஐடி பிள்ளைகளுக்கு அது போதும்.

மற்ற மென்பொருள்களில் இந்த மையச் சிக்கலுக்கு வழி: நட்சத்திரத்தோடு அதே ஆரத்தில் நிறமும் கோடும் இல்லாத ஒரு வட்டத்தை வரைந்து குரூப் செய்துவிடுங்கள். பிறகு எந்த அலைன் கொடுத்தாலும் குரூப்பின் கட்டம் வட்டத்தின் கட்டம்தான். பிளாட்டருக்கு அனுப்பும்போது மட்டும் அந்த வட்டத்தை மறக்காமல் எடுத்துவிட வேண்டும்.

அஃபினிட்டி, கேன்வா

அஃபினிட்டியில் உருவங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஸ்டார், டபுள் ஸ்டார், ஸ்கொயர் ஸ்டார், கியருக்கென்று காக் டூல் எல்லாம் தனித்தனியாக இருக்கின்றன, எல்லாமே பிறகு மாற்றத் தக்கவை. ஸ்டாரின் பக்கங்களை வளைக்கவும் வசதி உண்டு. 2024-இல் கேன்வா நிறுவனம் இதை வாங்கி, 2025 அக்டோபரில் இலவசமாக்கிவிட்டது. வரைவதற்கு இன்பமான மென்பொருள். ஆனால் இரண்டாம் பதிப்பு வரையில் தமிழ் யூனிகோட் எழுத்துகள் இதில் ஒழுங்காகச் சேராது, கொம்பும் காலும் தனித்தனியே நிற்கும். முள் வட்டத்துக்குள் "தள்ளுபடி" என்று எழுத முடியாத மென்பொருளை வைத்துக்கொண்டு ஈரோட்டு ஜவுளிக் கடை வேலை எடுக்க முடியுமா? எழுத்து இல்லாத மோட்டிஃப் வேலை என்றால் தாராளமாகப் பாருங்கள். இங்க்ஸ்கேப்பில் தமிழ் சேர்வதில் சிக்கல் இல்லை. இல்லஸ்ட்ரேட்டரில் டைப் பிரிஃபரன்ஸில் இந்திய மொழிகளுக்கான தேர்வைப் போட்டுவிட்டால் சரியாகும்.

கேன்வாவில் உருவத்தை எடுத்துப் போடுகிறோமே தவிர வரைவதில்லை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கும் கோவில் நோம்பி அழைப்புக்கும் போதும்.

நுனி ஒடிவது

"ஏனுங்க தம்பி, இந்த முனையெல்லாம் ஒடைஞ்ச மாதிரி இருக்குதுங்களே?" பிரிண்ட் கையில் வந்ததும் கேட்கப்படும் கேள்வி. எந்த மென்பொருளில் போட்டாலும் வரும், ஆனால் காரணம் எப்போதும் ஒன்றல்ல.

அவுட்லைன் போட்ட நட்சத்திரத்தின் நுனியில் இரண்டு கோடுகள் சந்திக்கின்றன. கோணம் குறுகக் குறுகச் சந்திப்பு வெளியே நீண்டுகொண்டே போகும். அளவில்லாமல் நீளக்கூடாது என்று மைட்டர் லிமிட் என்றொரு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் நுனியை மென்பொருளே வெட்டிவிடும். எஸ்விஜியில் இயல்பு வரம்பு 4. சுமார் 29 பாகைக்குக் கீழே குறுகிய எந்த முனையும் வெட்டுப்படும். ஃபிக்மா இதையே 28.96 என்று கோணமாகக் காட்டுகிறது. ஒழுங்கான ஐந்து முனையின் நுனிக்கோணம் 36 பாகை, தப்பித்துக்கொள்ளும். கூராக இருக்கட்டும் என்று ரேஷியோவை 0.3-க்கு இறக்கினால் நுனி 26 பாகை ஆகிறது, ஐந்தும் மொட்டையாகும். கோரலில் இந்த வரம்பு அவுட்லைன் பென் பெட்டிக்குள் இருக்கிறது, இல்லஸ்ட்ரேட்டரில் ஸ்ட்ரோக் பேனலில். வரம்பைத் தளர்த்தினால் சரியாகிவிடும் (எஸ்விஜி மாதிரி எண்ணாக இருந்தால் ஏற்ற வேண்டும், ஃபிக்மா மாதிரி கோணமாக இருந்தால் இறக்க வேண்டும்), ஆனால் உருவம் பெரிதாகும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஒழுங்கான ஐந்து முனைக்கு 2 மி.மீ. கோடு கொடுத்தாலே ஒவ்வொரு நுனியும் 3.2 மி.மீ. வெளியே நீள்கிறது. டெக் பேக்கில் போட்ட அளவைத் தாண்டினால் தரம் பார்க்கும் க்யூசி ஆள் விடமாட்டார்.

திரையில் நுனி சரியாக இருந்தும் துணியில் ஒடிந்திருந்தால் அது ஸ்கிரீன் வேலை. மெஷ்ஷின் (ஸ்கிரீன் வலையின்) கண்ணைவிட நுனி மெலிந்துபோனால் எக்ஸ்போஸில் (ஒளி காட்டி ஸ்கிரீனில் உருவம் பதிக்கும்போது) பிடிக்காது, பிடித்தாலும் பனியன் துணியின் பின்னல் பள்ளத்தில் மை விழுந்து பிசிறும். எம்ப்ராய்டரியில் ஊசி ஒரே இடத்தில் குத்திக் குத்தி நுனி குண்டாகும். ரேடியத்தில் கூர்நுனிதான் முதலில் உரியத் தொடங்கும், அதுவும் வெயிலிலும் மழையிலும் ஓடுகிற லாரிக்கு. ஆகவே திரையைத் தாண்டிப் போகிற எந்த நட்சத்திரத்துக்கும் நுனியில் ஒரு துளி வளைவு கொடுத்துவிடுவது நல்லது. இந்த வளைவு இல்லஸ்ட்ரேட்டரிலும் ஃபிக்மாவிலும் ஒரு பிடியை இழுக்கும் வேலை. கோரலில் மூலையை மழுக்கும் ஃபில்லட்டுக்கான டாக்கருக்கு (பக்கவாட்டுப் பெட்டிக்கு) போக வேண்டும், அதற்கு உருவம் கர்வ் ஆகிவிடும். இந்த இடத்தில் கோரல் தோற்கிறது.

அப்படியென்றால் எதை எடுப்பது?

வெளிக் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்கிற பிரிண்டிங் பட்டறைக்குக் கோரலை விட்டால் வேறு வழியில்லை, இருக்கவும் வேண்டாம். உங்களுக்கு ஃபைல் தருகிறவரும் வாங்குகிறவரும் அதில்தான் இருக்கிறார்கள். கண்ட்ரோல்-கியூ தட்டும் முன் இன்னொரு பெயரில் சேவ் செய்வதை மட்டும் பழக்கிக்கொள்ளுங்கள்.

சொந்தமாகப் புதிதாகத் தொடங்குகிறவர், கையில் முதல் இல்லாதவர், ஸ்கிரீன் பிரிண்டிங்கும் ஸ்டிக்கரும்தான் வேலை என்றால் இங்க்ஸ்கேப். கிராக் போட்ட கோரலில் தொடங்குவதைவிட இது ஆயிரம் மடங்கு நிம்மதி. பட்டறைக்குப் பிடிஎஃப் ஆகவோ டிஎக்ஸ்எஃப் ஆகவோ அனுப்புங்கள், உங்கள் எஸ்விஜி உங்களிடமே இருக்கட்டும். எண்களைக் கொடுத்து வரைகிற பழக்கமும் இதில்தான் நன்றாக வரும். என்னிடம் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகளையும் இதிலிருந்தே தொடங்கச் சொல்கிறேன்.

எக்ஸ்போர்ட் கம்பெனி டிசைன் ரூமில் சேரப் போகிறவருக்குத் தேர்வே இல்லை, இல்லஸ்ட்ரேட்டர்தான். முனை எண்ணிக்கை மாறும் என்று தெரிந்த டிசைனில் ஒரு உபாயம்: நட்சத்திரமாக வரையாமல், ஒரு முனையை மட்டும் வரைந்து, டிரான்ஸ்ஃபார்ம் எஃபெக்டில் கோணமும் காப்பி எண்ணிக்கையும் கொடுத்துச் சுழற்றுங்கள். எட்டுக்கு 45 பாகை, பன்னிரண்டுக்கு 30. பிறகு எண்ணை மாற்றினால் நட்சத்திரம் மாறும். ஆகஸ்ட் 15-க்கு வருகிற கொடி, பேட்ஜ் ஆர்டர்களில் அசோகச் சக்கரத்தின் 24 ஆரங்களையும் எந்த மென்பொருளானாலும் இந்த வழியில்தான், 15 பாகை வைத்துப் போட வேண்டும். ஸ்டார் டூலில் 24 கொடுத்தால் வருவது சக்கரமல்ல, தள்ளுபடி வட்டம்.

கோரலும் இங்க்ஸ்கேப்பும் இரண்டையும் வைத்துக்கொள்கிறவர்கள் நட்சத்திரத்தை இங்க்ஸ்கேப்பில் போட்டுக் கோரலுக்குக் கொண்டுவரலாம். எஸ்விஜியை இம்போர்ட் செய்ததும் முதலில் அளவைப் பாருங்கள். பிக்சலுக்கும் மில்லிமீட்டருக்கும் இடையில் அளவு சில நேரம் தாறுமாறாக வந்து நிற்கும். 100 மி.மீ.-க்கு ஒரு சதுரத்தையும் சேர்த்து வரைந்து அனுப்பினால் போதும், அந்தச் சதுரம் 100 காட்டினால் நட்சத்திரமும் சரி.